பழைய மோட்டார்சைக்கிளில் கிளட்ச் வழுக்கலும் வேகத்தில் ஹேண்டல் ஆட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் சுற்றுவட்டத்துத் தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஹோண்டா சி70, ஈஎக்ஸ்5, மொடினாஸ் கிரிஸ், யமஹா ஆர்எக்ஸ்ஸெட் போன்ற மோட்டார்களை மனத்தில் வைத்து எழுதியது இது. எண்கள் பொதுவானவை. உங்கள் மோட்டாரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. இது கிளட்ச்தானா?

பெரும்பாலும் கிளட்ச்தான். ஆனாலும் கடைக்குப் போகுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். சமமான சாலையில் கடைசி கியரில் 40–50 கி.மீ. வேகத்தில் போகும்போது திராட்டலை முழுதாகத் திறங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் துள்ளி ஏறி, மோட்டார் அதே வேகத்தில் நகர்ந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் ஏறாமல் வேகமும் ஏறாமல் அமுங்கினால் அது கிளட்ச் இல்லை. கார்பரேட்டர், அடைத்த புகைக்குழாய், தேய்ந்த பிஸ்டன் ரிங், உரசிக்கொண்டே இருக்கும் பிரேக் என்று வேறு இடத்தில் தேடவேண்டும். 'டக் டக்' என்று உதறி இழுத்தால் ஸ்புராக்கெட் பல் தேய்ந்து செயின் தாவுகிறது.

சமதரையில் தெரியாத வழுக்கல் ஏற்றத்தில் தெரிந்துவிடும். கோலா பிலாவைத் தாண்டிச் சிரம்பான் போகும் வழியில் புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில், பின்னால் ஆள் இருக்க, மூன்றாம் கியரில் ஏறினால் அரைகுறைக் கிளட்ச் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கருகிய நாற்றமும் வந்தால் அதற்குமேல் முறுக்காதீர்கள்.

கடையில் 'கிளட்ச் பிளேட் மாத்தணும்' என்கிறார்கள். உடனே மாற்றலாமா?

வேண்டாம். காசு செலவில்லாத மூன்று இடங்களை முதலில் பாருங்கள். பிளேட் நன்றாகவே இருந்தும் மாற்றப்பட்ட மோட்டார்கள் ஏராளம்.

கைக் கிளட்ச் உள்ள ஆர்எக்ஸ்ஸெட் போன்றவற்றில் முதலில் கேபிள். லிவரின் நுனியில் 10 முதல் 15 மி.மீ. வரை வெறும் ஆட்டம் இருக்கவேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். எத்தனை பிளேட் போட்டாலும் எரியும். ஹேண்டலை இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது ஆட்டம் மறைந்தால் கேபிள் போகும் வழி தவறு. உள்கம்பி துருப்பிடித்து, விட்ட பிறகும் லிவர் மெதுவாகத் திரும்பினால் கேபிளை மாற்றிவிடுங்கள். எண்ணெய் விட்டால் சில நாள் தாங்கும், அவ்வளவுதான்.

கால் கிளட்ச் உள்ள கப்சாய்களில் (கைக் கிளட்ச் இல்லாத சி70, ஈஎக்ஸ்5 போன்ற சிறு மோட்டார்கள்) முதலில் பார்க்கவேண்டியது உங்கள் இடது கால். இவற்றில் கியர் பெடலை அழுத்தும்போதே உள்ளே கிளட்சும் விடுபடுகிறது. மழைக்காலத்தில் தடித்த ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களின் முன்பாதம் தெரியாமலே பெடல்மேல் கிடக்கும். அந்தச் சிறு எடை போதும், ஏற்றத்தில் வழுக்க. பெடலை அதன் தண்டில் ஒரு பல் அளவு கீழே இறக்கிப் பூட்டினாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து, வலப்பக்கக் கிளட்ச் மூடியில் இருக்கும் சரிசெய்யும் திருகு. நடுவில் ஸ்க்ரூ, அதைச் சுற்றி லாக் நட். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கடிகாரத் திசையில் ஒரு சுற்று திருப்புங்கள். பிறகு எதிர்த்திசையில் மெதுவாக, லேசான தடை கையில் தட்டுப்படும்வரை வாருங்கள். அங்கிருந்து கடிகாரத் திசையில் எட்டில் ஒரு சுற்று. ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். தடையைத் தாண்டி எதிர்த்திசையில் திருகி வைத்தால் கிளட்ச் எப்போதும் சற்றுத் தூக்கியே நிற்கும், அதுவும் வழுக்கல்தான். ரொம்பக் கடிகாரத் திசையில் விட்டால் கியர் விழாது, நின்ற இடத்தில் மோட்டார் ஊரும்.

மூன்றாவது, எண்ணெய்.

காரின் மினியாக் ஹித்தாம் (இன்ஜின் எண்ணெய்) மிச்சம் இருந்தது, ஊற்றிவிட்டேன். அதனால் வழுக்குமா?

வழுக்கலாம். இந்த மோட்டார்களின் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியே வேலை செய்கிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று விற்கும் கார் எண்ணெய்களில், குறிப்பாக 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 வகைகளில், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. காருக்கு நல்லது, உராய்வையே நம்பிப் பிடிக்கும் கிளட்ச் பிளேட்டுக்கு அது எமன். டப்பாவின் பின்பக்கம் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். 'எம்பி' என்று இருந்தால் அது வழவழப்பு கூடிய வகை, ஈரக் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டருக்கானது.

தவறான எண்ணெய் ஊற்றியிருந்தால் சூட்டோடு வடித்து, சரியானதை ஊற்றி 100, 150 கி.மீ. ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். ஈஎக்ஸ்5-க்கு வடித்து ஊற்றும்போது 0.7 லிட்டர், இரண்டு தடவை மாற்றினாலும் பெரிய செலவில்லை. பிளேட் பொசுங்கியிருக்காவிட்டால் பிடி பெரும்பாலும் திரும்பிவிடும். வழுக்கலை நிறுத்தும் என்று விற்கும் சேர்மானத் திரவம் எதையும் இதில் கலக்காதீர்கள்.

ஆர்எக்ஸ்ஸெட் டூ-ஸ்ட்ரோக். அதில் கிளட்ச் இருப்பது கியர் எண்ணெயில். தனித் தொட்டியில் இருக்கும் 2டி எண்ணெய் பெட்ரோலோடு எரிந்துபோவது. இரண்டையும் மாற்றி ஊற்றும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆர்எக்ஸ்ஸெட்டில் கியர் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது, வெளியே ஒழுகவும் இல்லை.

புகைக்குழாயைப் பாருங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை தள்ளினால் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) ஆயில் சீல் போய், இன்ஜின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரிக்கிறது. சீல் மாற்றாமல் கிளட்ச் வேலையைத் தொடங்குவது வீண்.

ஈஎக்ஸ்5-இல் இரண்டு கிளட்ச் என்கிறார்களே, எது வழுக்குகிறது என்று எப்படித் தெரியும்?

கிராங்கில் ஒன்று: சுழலும் வேகத்தில் விரிந்து பிடிக்கும் ஷூ வகை. கியர் தண்டில் இன்னொன்று: பிளேட் வகை. நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது மட்டும் இன்ஜின் அலறி, தாமதமாகப் பிடித்து, ஓடத் தொடங்கியபின் சரியாகிவிட்டால் ஷூ தேய்ந்திருக்கிறது, இல்லையேல் அதன் டிரம் பளபளத்துப்போயிருக்கிறது. புறப்பாடு ஒழுங்காக இருந்து, கடைசி கியரிலும் ஏற்றத்திலும் வழுக்கினால் பிளேட். சி70-இல் எல்லாம் ஒரே கிளட்ச் என்பதால் இந்தப் பாகுபாடு இல்லை.

பிரிக்கவேண்டும் என்று முடிவாகிவிட்டது. வீட்டிலேயே செய்யலாமா?

கைக் கிளட்ச் மோட்டாரில் பொறுமையும் கேஸ்கெட்டும் இருந்தால் ஒரு பகல் வேலை. ஈஎக்ஸ்5-இல் கிராங்க் பக்கத்து வெட்டுநட்டைக் கழற்ற அதற்கென்று நான்கு பல் உள்ள சாக்கெட் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்து அடித்தால் நட்டின் வெட்டு சிதையும், தண்டும் அடிபடும். அந்தச் சாக்கெட் இல்லையென்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

எண்ணெயைச் சூட்டில் வடித்து, இன்ஜின் ஆறியபின் தொடங்குங்கள். கிக் லிவர், கால் மிதி, வழியில் நின்றால் புகைக்குழாய் ஆகியவற்றைக் கழற்றுங்கள். மூடியின் ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கி இன்ஜின் உடம்பில் விரிசல் விழவைப்பது இந்த வேலையில் நடக்கும் மிகச் செலவான தவறு. பழைய நட்சத்திரத் தலை ஸ்க்ரூ அசையாவிட்டால், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரே வழி. ஆர்எக்ஸ்ஸெட்டில் 2டி பம்பின் குழாயைக் கழற்றினால், பூட்டியபின் அதிலிருக்கும் காற்றைக் கட்டாயம் வெளியேற்றவேண்டும். காற்று நின்றால் எண்ணெய் போகாது, பிஸ்டன் சிக்கிவிடும்.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை எடுக்கும் வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள்.

இனி அளவு. உராய்வு பிளேட்டை வெர்னியரால் நான்கு இடத்தில் அளக்கவும். புதியது சுமார் 3 மி.மீ. என்றால் 0.2–0.3 மி.மீ. தேய்ந்தபோதே மாற்றும் எல்லை வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தடிமனாகத் தெரிவதை நம்பக்கூடாது. இரும்பு பிளேட்டைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். யமஹாவின் பழைய டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு 0.05 மி.மீ., ஹோண்டா கப்சாய்க்கு 0.20 மி.மீ. வளைவுதான் எல்லை. நீலம் பாய்ந்த இரும்பு பிளேட் வெந்துபோனது, எறிந்துவிடுங்கள். வெறுமனே பளபளப்பாக இருந்தால் 240 நம்பர் உப்புத்தாளால் வட்டமாக லேசாகத் தேய்த்து மீண்டும் போடலாம். ஸ்பிரிங்குகளைப் புதியதோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், 1 மி.மீ. குட்டையாகியிருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

கிளட்ச் கூடையின் விரல்களில் பிளேட் பற்கள் வெட்டிய பள்ளம் இருக்கும். அது வழுக்கலை உண்டாக்காது. கிளட்ச் முழுதாக விடாமல் கியர் முரண்டுபிடிப்பதற்குத்தான் அது காரணம். ஆழமில்லாவிட்டால் தட்டை அரத்தால் சமப்படுத்தலாம்.

ஈஎக்ஸ்5-ஐத் திறந்த கையோடு கிராங்க் கிளட்சிலுள்ள சுழல் வடிகட்டியையும், அடியிலுள்ள வலையையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். எண்ணெய் மாற்றத் தவறிய மோட்டாரில் அந்த வடிகட்டிக்குள் கறுப்புக் களிம்பு விரல் நகத்தால் வழிக்கும் அளவுக்குப் படிந்திருக்கும்.

புதிய உராய்வு பிளேட்டுகளை, ஊற்றப்போகும் அதே எண்ணெயில் முதல்நாள் இரவே ஊறவையுங்கள். உலர்ந்து போட்டால் முதல் புறப்பாட்டிலேயே மேற்பரப்பு கருகும். ஸ்பிரிங் போல்ட்டை எதிரெதிராக இறுக்கவும்: எம்5 அளவுக்கு 6, எம்6 அளவுக்கு 10 நியூட்டன் மீட்டர் வரைக்கும் போதும். போல்ட் ஏறும் அந்த மெல்லிய தூண்கள் அலுமினியம். முழுப்பலத்தையும் காட்டினால் முறியும். பழைய கேஸ்கெட்டைப் பிளேடால் சுரண்டி, மூடியின் இரு குச்சிப் பின்களும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து மூடுங்கள். சிலிக்கான் பூசுவதானால் மெல்லிய படலம் மட்டும். பிதுங்கி உள்ளே விழும் துண்டு எண்ணெய் வழியை அடைக்கும்.

ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்தால் இறுகுமே?

இறுகும். கூடவே ஸ்பிரிங் முழுதாக நசுங்கி, கிளட்ச் விடுபட இடமில்லாமல் போகும். தேய்ந்த பிளேட்டை வாஷரால் மறைப்பது சம்பளநாள்வரை தள்ளிப்போடும் வேலை. பெரிய சிலிண்டர் பிளாக் போட்டுச் சக்தி கூட்டிய இன்ஜினுக்குத்தான் கடின ஸ்பிரிங் தேவை. சாதாரண இன்ஜினில் அது கையையும் கேபிளையும்தான் தேய்க்கும்.

பிளேட் மாற்றியும் வழுக்குகிறது.

கேபிளையோ சரிசெய்யும் திருகையோ பழைய நிலையிலேயே விட்டிருப்பீர்கள். பிளேட் மாற்றினால் ஆட்டமும் மாறும், ஆகவே அதை மறுபடி முதலிலிருந்து வைக்கவேண்டும். அது சரி என்றால், பளபளத்த பழைய இரும்பு பிளேட்டை அப்படியே போட்டது, அழுத்தும் தட்டு நடுப்பகுதியின் பற்களில் உட்காராமல் பூட்டியது, மலிவுப் பிளேட்டின் தடிமன் குறைவது ஆகிய மூன்றில் ஒன்று. பழைய பிளேட்டையும் வெர்னியரையும் கடைக்கு எடுத்துப் போனால் கடைசிச் சிக்கல் வராது.

கிளட்ச் சரியான பிறகுதான் 80, 90-இல் ஹேண்டல் ஆட ஆரம்பித்தது. கிளட்ச் வேலையில் ஏதாவது தவறா?

கிளட்சுக்கும் ஹேண்டலுக்கும் தொடர்பில்லை. இதுவரை உங்கள் மோட்டார் அந்த வேகத்தையே தொடவில்லை, அதுதான் விஷயம். வழுக்கும் கிளட்ச் 60-இல் நிறுத்திவைத்திருந்த மோட்டார் இப்போது 90 போகிறது. பல வருடமாகச் செம்மண் சாலைப் பள்ளங்களில் அடிவாங்கிய முன்பக்கம் இப்போதுதான் வெளிப்படுகிறது. இதனால்தான், கிளட்ச் வேலைக்கு விடும் நாளிலேயே முன்சக்கரத்தையும் சோதித்துவிடச் சொல்கிறோம். கிளட்ச் வழுக்கினால் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரலாம். ஹேண்டல் உதறினால் அந்த வாய்ப்பு இல்லாமலும் போகலாம்.

ஆட்டத்தில் வகை உண்டா?

உண்டு. ஹேண்டல் மட்டும் இடம்வலமாக வேகமாகப் படபடத்தால் கோளாறு பெரும்பாலும் முன்பக்கத்தில்: டயர், கோன் பேரிங் (ஹேண்டல் தண்டு திரும்ப உதவும் கிண்ணங்களும் குண்டுகளும்), ரிம். மொத்த மோட்டாரும் மெதுவாக இடுப்பை அசைப்பதுபோல் நெளிந்தால் பின்பக்கத்தில்: ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ், அப்சோர்பர், பின்சுமை, காற்றில்லாத பின்டயர். வேகத்தைக் குறைக்கையில் 50–60 அளவில் மட்டும் படபடத்தால் கோன் தளர்ச்சியையும் தேய்ந்த முன்டயரையும் முதலில் சந்தேகியுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

காற்றிலிருந்து. டயர் குளிர்ந்திருக்கும்போது, ஒற்றை ஆளுக்கு முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ என்பது பல கப்சாய்களுக்குப் பொருந்தும். ஆள் ஏற்றினால் பின்னுக்குக் கூட்டவேண்டும். எவ்வளவு என்பது மோட்டாரிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். தோட்டப் பாதையில் வழுக்காமலிருக்கக் காற்றை இறக்கிவைத்து, அதே காற்றோடு பெரிய சாலையில் ஓட்டுவது இங்கே வழக்கமான காரணம்.

பிறகு டயரின் வயது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேடான பூ) நன்றாக இருந்தாலும் ரப்பரில் விரிசல் விழுந்திருந்தால் மாற்றுங்கள். கையால் தடவி, மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அழகுக்காகச் சைக்கிள் டயர்போல் மெலிந்ததைப் போட்டிருப்பவர்கள் மேற்கொண்டு படிக்கவேண்டாம். கம்பெனி அளவைப் போட்டுவிட்டு வாருங்கள்.

கோன் பேரிங்கை எப்படிச் சோதிப்பது, எப்படிச் சரிசெய்வது?

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவரை உட்காரவைத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். முன்கால் (ஃபோர்க்) இரண்டையும் அடியில் பிடித்து முன்னும் பின்னுமாக இழுங்கள். 'டொக்' என்று தட்டினால் தளர்ச்சி. அடுத்து ஒரு விரலால் ஹேண்டலை ஓரத்திலிருந்து ஓரம்வரை தள்ளுங்கள். நேரே வரும் இடத்தில் ஒரு குழியில் விழுந்து நிற்பதுபோல் தெரிந்தால் கிண்ணத்தில் குண்டுகள் பள்ளம் வெட்டிவிட்டன. தளர்ச்சியை இறுக்கிச் சரிசெய்யலாம்; பள்ளத்தைச் சரிசெய்ய முடியாது. பள்ளம் விழுந்ததை இறுக்கினால் ஹேண்டல் நடுவிலேயே சிக்கி நிற்கும். ஆட்டம் போய், வளைவில் திருப்ப முடியாத ஆபத்து வரும்.

மாற்றும்போது மேல் கிண்ணம், கீழ் கிண்ணம், கோன்கள், குண்டுகள் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றவேண்டும். தண்டை இறக்குமுன் அடியில் ஒரு துணியை விரியுங்கள், குண்டுகள் கொட்டும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கிண்ணத்தை உட்புற விளிம்பில் சுற்றிச் சுற்றித் தட்டி எடுக்கவும். புதியதை அடிக்கும்போது பழைய கிண்ணத்தையே மேலே வைத்து அடித்தால் சாயாமல் உட்காரும். தண்ணீர் தாங்கும் கிரீஸை நிறையப் பூசி, அதிலேயே குண்டுகளை ஒட்டிவையுங்கள்.

மேல் கோனைக் கொக்கி ஸ்பானரால் இறுக்கி, ஹேண்டலை ஐந்தாறு முறை முழுதாகத் திருப்பி உட்காரவைத்து, மறுபடி இறுக்கி, பிறகு எட்டில் ஒரு சுற்று தளர்த்துங்கள். 'டொக்' இருக்கக்கூடாது, நடுவிலிருந்து லேசாகத் தள்ளினால் தன் எடையிலேயே ஹேண்டல் ஓரத்துக்கு விழவேண்டும். மேல் நட்டை இறுக்கியபின் மறுபடி சோதியுங்கள், ஏனென்றால் அந்த இறுக்கம் கோனையும் சற்று அமுக்கும்.

ரிம், கம்பி, சக்கர பேரிங்?

சக்கரத்தைச் சுழற்றி, முன்காலில் ஒரு பென்சிலைக் கட்டி ரிம்முக்கு அருகே நீட்டுங்கள். பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ 2 மி.மீ.-க்கு மேல் விலகினால் சரிசெய்யவேண்டும். கம்பிகளை ஸ்பானரால் தட்டினால் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் முறுக்காதீர்கள். பள்ளத்தில் அடிவாங்கி விளிம்பு மடங்கிய ரிம்மைக் கம்பியை இழுத்து நிமிர்த்த முடியாது.

சக்கரத்தை இருபுறமும் பிடித்து ஆட்டினால் தளர்ச்சி தெரிந்தால் பேரிங். அதன் விளிம்பில் 6201, 6301 என்பதுபோல் எண் இருக்கும், அதையே கேட்டு, இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதாக வாங்குங்கள். இரு பேரிங்குக்கும் நடுவே உள்ள குழாயைத் தொலைத்துவிட்டுப் பூட்டினால் அச்சை இறுக்கும்போது பேரிங் நசுங்கும். புதிய பேரிங் சில வாரத்தில் போவதற்கு இதுவே காரணம். சி70-இல் கூடுதலாக, முன்சக்கரத்தைத் தாங்கும் சிறு இணைப்புக் கைகளின் புஷ்ஷையும் பார்க்கவேண்டும்.

பின்பக்கத்தில் என்ன பார்க்கவேண்டும்?

ஸ்விங் ஆர்மின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் உலுக்குங்கள். அசைந்தால் புஷ் போய்விட்டது. அப்சோர்பர் இரண்டும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒன்றில் எண்ணெய் ஒழுகினால் இரண்டையும் மாற்றுங்கள். செயின் ஆட்டம் 25–35 மி.மீ. சக்கரம் நேராக இருக்கிறதா என்பதற்கு ஸ்விங் ஆர்மில் பொறித்த கோடுகளைப் பழைய மோட்டாரில் நம்பாதீர்கள். பின்டயரைச் சுற்றி ஒரு நூலை இழுத்து இருபுறமும் முன்டயர்வரை கொண்டுபோங்கள். முன்டயருக்கு இருபுறமும் ஒரே இடைவெளி இருந்தால் நேர்.

சுமை ஏற்றினால் மட்டும் ஆடுகிறது.

உர மூட்டை, 14 கிலோ கேஸ் தோம்பு, செம்பனை உதிரிப்பழச் சாக்கு எதுவானாலும் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கினால் முன்சக்கரத்தைத் தூக்கும். முன்சக்கரம் லேசானால் சிறு ஆட்டமும் பெரிதாகும். சுமையை இருக்கையை ஒட்டி, தாழ்வாகக் கட்டுங்கள். கப்சாயில் நடுவிலிருக்கும் இடம் இதற்கு மிகப் பொருத்தம். சுமையோடு 60-ஐத் தாண்டவேண்டாம்; எந்தப் பேரிங்கும் இதற்கு மாற்று இல்லை.

ஓடும்போது திடீரென்று உதறினால்?

ஹேண்டலை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டாதீர்கள், உங்கள் கையின் விறைப்பே ஆட்டத்துக்குத் தீனி. முன்பிரேக்கைத் தொடாதீர்கள். உடலைச் சற்று முன்னால் சாய்த்து, தொடையால் இருக்கையை இறுக்கி, திராட்டலைப் படிப்படியாக விடுங்கள். வேகம் நன்றாகக் குறைந்து ஆட்டம் அடங்கியபின் பின்பிரேக்கால் ஓரம் கட்டுங்கள்.

ஹேண்டல் ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் போட்டால் போதாதா?

தேய்ந்த கோனை அது மறைக்கும். மறைத்துக்கொண்டே இன்னும் கூடுதல் வேகத்துக்கு உங்களைக் கொண்டுபோகும்.

வேலை முடிந்தபின் எப்படி ஓட்டிப் பார்ப்பது?

காலையில், சாலை காய்ந்திருக்கையில், சுமையில்லாமல். 40, 60, 80 என்று ஒவ்வொரு வேகத்திலும் சற்று நேரம் நின்று ஓட்டுங்கள். அச்சு நட்டுகளைப் புறப்படுமுன் ஒருமுறையும் திரும்பியபின் ஒருமுறையும் இறுக்கிப் பாருங்கள். புதிய கிளட்ச் பிளேட்டை முதல் 100 கி.மீ.-க்கு ஏற்றத்தில் வதைக்காதீர்கள். புதிய கோன் கிண்ணங்கள் ஓட ஓட உட்காரும்; 200–300 கி.மீ. ஆனதும் முன்சக்கரத்தைத் தூக்கி அந்த 'டொக்' திரும்பியிருக்கிறதா என்று மறுபடி பார்த்து, தேவையானால் கோனைச் சற்று இறுக்குங்கள்.